மதுரை நாயக்கர் ஆட்சியின் வீழ்ச்சி – காரணங்களும் விளைவுகளும்

முன்னுரை

மதுரை நாயக்கர்கள் 1529 முதல் 1736 வரை ஏறத்தாழ 200 ஆண்டுகள் தென் தமிழகத்தை ஆண்ட அரச மரபினர். விஜயநகரப் பேரரசின் படைத்தலைவர்களாக வந்து, பின்னர் தனியரசாக வளர்ந்தவர்கள். மதுரையும் திருச்சிராப்பள்ளியும் மாறி மாறி அவர்களின் தலைநகரங்களாக இருந்தன. ஆட்சி உச்சத்தில் இருந்தபோது இன்றைய மதுரை, திண்டுக்கல், விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்சி மாவட்டங்களும் கொங்குப் பகுதியின் பெரும்பாகமும் அவர்கள் கையில் இருந்தன. ராமநாதபுரம் சேதுபதிகளும் அவர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தனர்.

இந்த ஆட்சியின் முடிவைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ராணி மீனாட்சிக்குத் துணை நிற்பதாகச் சந்தா சாகிப் குர்ஆன் மீது சத்தியம் செய்தார், உண்மையில் பட்டுத்துணியில் சுற்றப்பட்டிருந்தது வெறும் செங்கல், ராணி அதை நம்பி ஏமாந்தார், அரசு அழிந்தது. இது மக்கள் மனத்தில் நன்கு பதிந்த கதை. ஆனால் 200 ஆண்டுகள் நிலைத்த அரசை ஒரு பொய்ச் சத்தியம் மட்டும் சாய்த்துவிட முடியாது. அந்தச் சத்தியத்தை நம்ப வேண்டிய நிலைக்கு மதுரை அரசு எப்படி வந்தது என்பதே வரலாற்றுக் கேள்வி. நாயக்கர் அரசை எந்த ஏற்பாடுகள் வளர்த்தனவோ, அவற்றிலேயே அதன் வீழ்ச்சிக்கான காரணங்களும் இருந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசின் தோற்றமும் அமைப்பும்

கிருஷ்ணதேவராயர் காலத்தில் நாகம நாயக்கர் மதுரைக்கு அனுப்பப்பட்டார். அவர் பேரரசை மீறித் தானே மதுரையை வைத்துக்கொண்டபோது, அவரை அடக்க அவருடைய மகன் விசுவநாத நாயக்கரே அனுப்பப்பட்டார் என்பது மரபுச் செய்தி. விசுவநாதர் மதுரை நாயக்கர் மரபின் முதல் அரசரானார். அவருடைய தளவாயாக விளங்கியவர் அரியநாத முதலியார்.

நாட்டை நிர்வகிக்க இவ்விருவரும் பாளையப்பட்டு முறையை ஏற்படுத்தினர். நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையக்காரரும் தம் எல்லைக்குள் வரி தண்டினார், காவல் காத்தார், வழக்குத் தீர்த்தார். வருவாயில் ஒரு பங்கை அரசருக்குக் கப்பமாகச் செலுத்தி, ஒரு பங்கில் படை வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் தம் செலவுக்கு வைத்துக்கொண்டார். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் காவலில் இருந்ததாகச் சொல்வார்கள்.

புதிதாக வந்த அரசுக்கு இது பொருத்தமான வழியாக இருந்தது. தெலுங்கு, கன்னடப் பகுதிகளிலிருந்து வந்த படைத்தலைவர்களும் உள்ளூர் மறவர், கள்ளர் தலைவர்களும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டனர். இராஜபாளையம் வட்டத்தில் செட்டியார்பட்டியை அடுத்துள்ள சேத்தூரும், பக்கத்தில் உள்ள கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய ஊர்களும் இத்தகைய பாளையங்களின் இருப்பிடங்களே. தலைநகரிலிருந்து தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்த இப்பகுதிகளை அரசரால் நேரடியாக ஆள இயலாது. பாளையக்காரர் வழியாகவே ஆள முடிந்தது.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை முதலிலிருந்தே இருந்தது. அரசரின் படையும் வருவாயும் பெரும்பாலும் பாளையக்காரர்களின் கையில் இருந்தன. நடுவரசு வலுவாக இருக்கும்வரை கப்பமும் படையும் வரும். அது தளர்ந்தால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும்.

பிற்கால ஆட்சியாளர்கள்

வீழ்ச்சியின் போக்கை அறிய, 17ஆம் நூற்றாண்டு முதலான ஆட்சியாளர்களின் வரிசையை நினைவில் கொள்வது உதவும்.

• திருமலை நாயக்கர் – 1623–1659
• இரண்டாம் முத்து வீரப்பர் – 1659 (சில மாதங்கள்)
• சொக்கநாத நாயக்கர் – 1659–1682
• ரங்ககிருஷ்ண முத்து வீரப்பர் – 1682–1689
• ராணி மங்கம்மாள் (பேரனுக்காக) – 1689–1706
• விஜயரங்க சொக்கநாதர் – 1706–1732
• ராணி மீனாட்சி – 1732–1736

வீழ்ச்சிக்கான காரணங்கள்

1. பேரரசு என்னும் அரண் அழிந்தது

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. பேரரசு தெற்கே பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம்பெயர்ந்து சுருங்கியது. செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் பெயரளவில் பேரரசருக்கு அடங்கி, நடைமுறையில் தனியாட்சி செய்தனர்.

1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கர் பேரரசின் பழைய உரிமையை மீட்க முயன்றார். அதற்கு அஞ்சிய திருமலை நாயக்கர், செஞ்சி, தஞ்சை நாயக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தார். அதோடு நில்லாமல், பேரரசரின் பின்புறத்தைத் தாக்கும்படி கோல்கொண்டா சுல்தானைத் தூண்டினார். கோல்கொண்டாப் படை வந்தது. ஸ்ரீரங்கர் தோற்றார். ஆனால் வந்த படை திரும்பிப் போகவில்லை. செஞ்சியை நோக்கி நகர்ந்தது. அதைத் தடுக்கத் திருமலை நாயக்கர் பிஜப்பூரின் உதவியை நாடினார். முடிவில் செஞ்சியே பிஜப்பூர் வசமானது. தஞ்சையும் மதுரையும் திறை செலுத்த ஒப்புக்கொண்டன.

பேரரசருக்குக் கட்டிய கப்பத்தைவிட இது பெரிய சுமை. அதைவிடப் பெரிய இழப்பு, வடக்கிலிருந்து வரும் படைகளுக்கும் மதுரைக்கும் இடையே இருந்த அரண் மறைந்ததுதான். இதன் பிறகு மதுரை அரசு நிம்மதியாக இருந்த காலம் மிகக் குறைவு.

2. அண்டை அரசுகளோடு ஓயாத போர்

திருமலை நாயக்கர் காலத்திலேயே மைசூர், திருவிதாங்கூர், ராமநாதபுரம் ஆகியவற்றோடு போர்கள் நடந்தன. அவருடைய இறுதிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து, கையில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்று பெயர்பெற்ற இப்போரில், நோயுற்றிருந்த திருமலை நாயக்கரைக் காப்பாற்றியது ரகுநாத சேதுபதி திரட்டி வந்த படை. அதற்கு நன்றியாகச் சேதுபதிக்குக் கப்பத்திலிருந்து விலக்கும் பல சிறப்புகளும் வழங்கப்பட்டன. கீழ் நிலையில் இருந்த ஒருவரின் படையை நம்பி அரசர் வாழ வேண்டிய நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

சொக்கநாத நாயக்கர் 1673இல் தஞ்சையின் மீது படையெடுத்தார். முதியவரான விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். தஞ்சை மதுரையோடு சேர்ந்தது. ஆனால் அங்கு ஆள அனுப்பப்பட்ட அழகிரி விரைவிலேயே மதுரைக்கு அடங்க மறுத்தார். தஞ்சை மரபின் வாரிசுக்கு ஆதரவானவர்கள் பிஜப்பூரின் உதவியை நாடினர். பிஜப்பூர் அனுப்பிய தளபதி, சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான ஏகோஜி, தஞ்சையைக் கைப்பற்றித் தானே அரசரானார். இவ்வாறு வலுவிழந்த நாயக்க அரசு இருந்த இடத்தில் வலுமிக்க மராட்டிய அரசு ஒன்று மதுரையின் வாசலில் அமர்ந்தது. 1677இல் சிவாஜியே தெற்கே வந்து செஞ்சியையும் கைப்பற்றினார். மேற்கே சிக்கதேவராயர் ஆண்ட மைசூர், சேலம், கோவைப் பகுதிகளை விழுங்கியது.

மேலோட்டமாகப் பார்த்தால் தஞ்சை வெற்றி சொக்கநாதரின் பெரிய சாதனை. உண்மையில் அந்த வெற்றியே அவருடைய அரசின் அளவைக் குறைத்தது.

3. அரண்மனைக்குள் பிளவு

சொக்கநாதர் இளவயதில் பட்டத்துக்கு வந்தபோது அதிகாரம் பிரதானி, ராயசம், தளவாய் ஆகிய உயர் அதிகாரிகளிடம் இருந்தது. அவர்கள் அரசரையே நீக்கச் சதி செய்தனர். அது வெளிப்பட்டபோது தளவாய் லிங்கம நாயக்கர் எதிரிப் படையோடு சேர்ந்துகொண்டார்.

சுமார் 1665இல் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். வடக்கிலிருந்து வரும் படைகளை எதிர்கொள்ள மலைக்கோட்டை ஏற்ற இடம். ஆனால் இதனால் தென்பாண்டிச் சீமைப் பாளையங்கள் தலைநகரின் பார்வையிலிருந்து மேலும் விலகின. திருச்சியில் அரண்மனை எழுப்ப, மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையிலிருந்தே பொருள்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அரசின் நிதிநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை.

1678 வாக்கில் சொக்கநாதர் பட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, அவருடைய தம்பி முத்தழகாத்ரி அமர்த்தப்பட்டார். பின்னர் ருஸ்தம்கான் என்ற குதிரைப்படைத் தலைவன் அதிகாரத்தைக் கைப்பற்றி, அரசரைச் சிறைவைத்ததுபோல் நடத்தினான். இந்த நிலையிலிருந்து சொக்கநாதரை மீட்டவர்களில் முதன்மையானவர் கிழவன் சேதுபதி. 1682இல் மைசூரும் மராட்டியரும் திருச்சியைச் சூழ்ந்திருந்தபோது சொக்கநாதர் மனமுடைந்து இறந்தார்.

4. பாளையங்கள் விலகின

சொக்கநாதரைக் காப்பாற்றிய கிழவன் சேதுபதியே பின்னர் மதுரையின் மேலாண்மையை உதறினார். தலைநகரைப் புகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். அவரை அடக்க ராணி மங்கம்மாள் 1702இல் அனுப்பிய படை தோற்றது. தளவாய் நரசப்பையா போரில் உயிரிழந்தார். அதன்பின் ராமநாதபுரம் தனி நாடாகவே இயங்கியது.

மதுரைக்கு இது ஒரு பகுதியை மட்டும் இழந்த நிகழ்ச்சி அல்ல. நெருக்கடி வரும்போதெல்லாம் மதுரை நம்பியிருந்த மிகப் பெரிய படை கையைவிட்டுப் போனது. கப்பம் கட்ட மறுத்தாலும் தண்டனை இல்லை என்பதை மற்றப் பாளையக்காரர்களும் கண்டுகொண்டனர்.

5. செலவும் பஞ்சமும்

திருமலை நாயக்கர் காலம் கட்டடக் கலைக்குப் பொற்காலம். மதுரை அரண்மனை, புதுமண்டபம், முற்றுப்பெறாத ராயகோபுரம் ஆகியவை அதற்குச் சான்றுகள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் பெயரால் அறியப்படும் அரண்மனை இன்றும் உள்ளது. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த செய்தி மதுரைக்கு எட்டுவதற்காக வழிநெடுக மண்டபங்கள் அமைத்து முரசு முழங்கச் செய்தார் என்றும், அதைக் கேட்ட பிறகே அவர் உணவருந்தினார் என்றும் மரபுக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், கோயிலும் அரண்மனையும் அரச அதிகாரத்தின் வெளிப்பாடுகளாக இருந்தன. அதற்கான செலவைத் தாங்கியது உழவரின் வரியே.

போர், திறை, கட்டடம் ஆகிய மூன்று செலவுகளும் ஒரே காலத்தில் கூடின. போர்ப்படைகள் நடந்த வழியெல்லாம் பயிர் அழிந்தது. 1660ஐ ஒட்டிய ஆண்டுகளில் காவிரிப் பகுதியில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அக்காலத்தில் மதுரை மறைப்பணியில் இருந்த ஏசு சபைக் குருமார் எழுதிய கடிதங்கள் ஊர்கள் காலியானதையும் மக்கள் பட்டினியால் மடிந்ததையும் கூறுகின்றன. பசி தாளாமல் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் டச்சுக்காரர்களின் கப்பல்களில் கடல் கடந்தனர். 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர்கள், கடற்கரை வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். 1709 தொடங்கிய பஞ்சமும் பல ஆண்டுகள் நீடித்தது.

உழவர் ஓடிப்போன நாட்டில் வரி தண்ட முடியாது. வரி இல்லாத அரசால் படை வைக்க முடியாது.

6. திறை கொடுத்து அமைதி வாங்கும் வழக்கம்

ராணி மங்கம்மாள் திறமையான ஆட்சியாளர். சாலைகள், சத்திரங்கள், குளங்கள் அமைத்தவர். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென் மாவட்டங்களில் இன்றும் வழங்குகிறது. ஔரங்கசீப்பின் படை சுல்பிகார்கான் தலைமையில் தெற்கே வந்தபோது, எதிர்த்து நிற்கப் படைவலிமை இல்லை என்று உணர்ந்து முகலாயருக்குத் திறை செலுத்தினார். அந்தச் சூழலில் அது விவேகமான முடிவே. இழந்த சில பகுதிகளை மீட்கவும் அது உதவியது.

ஆனால் திறை கொடுத்தவர் மீது திறை கேட்கும் உரிமை நிலைத்துவிடுகிறது. முகலாயர் வலிமை குன்றியபோது அந்த உரிமை அழியவில்லை. ஆர்க்காட்டு நவாபின் கைக்கு மாறியது. 1734இல் சப்தர் அலியும் சந்தா சாகிப்பும் தெற்கே வந்தது திறை தண்டுவதற்காகவே.

7. கடமை மறந்த ஆட்சி

விஜயரங்க சொக்கநாதர் பக்திமான். தெலுங்கில் நூல்கள் எழுதியவர். திருவரங்கம் கோயிலில் அவரும் குடும்பத்தினரும் கைகூப்பி நிற்கும் உருவச் சிலைகள் உள்ளன. அவர் பல தலங்களுக்கு யாத்திரை சென்று பெரும் நன்கொடைகள் வழங்கினார். நாட்டு நிர்வாகம் தளவாய்கள், பிரதானிகள் கையில் விடப்பட்டது. 26 ஆண்டுகள் நீண்ட இந்த ஆட்சியில் படையோ நிதியோ சீர்செய்யப்படவில்லை. மங்கம்மாள் வாங்கித் தந்த அவகாசம் வீணானது.

8. வாரிசுப் போட்டி

விஜயரங்கர் 1732இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அவருடைய மனைவி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்று, பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைத் தத்தெடுத்தார். பங்காரு திருமலை தனக்கே அரசுரிமை என்று கிளம்பினார். திருச்சியில் மீனாட்சி, மதுரையில் பங்காரு என்று அரசு இரண்டானது.

இருவருமே திறை தண்ட வந்த படையின் உதவியை நாடினர். பங்காரு சப்தர் அலியை அணுகினார். மீனாட்சி சந்தா சாகிப்புக்குப் பெருந்தொகை கொடுத்து உறுதிமொழி பெற்றார். 1736இல் திருச்சிக் கோட்டைக்குள் இடம்பெற்ற சந்தா சாகிப், ராணியைச் சிறைவைத்தார். பங்காருவின் படை தோற்கடிக்கப்பட்டது. மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். நாயக்கர் ஆட்சி முடிந்தது.

மீனாட்சியின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது. ராமநாதபுரத்தின் படை வராது. பாளையங்களின் கப்பம் வராது. கருவூலத்தில் இருந்ததைக் கொடுத்து ஒரு அந்நியரை நம்புவதைத் தவிர வழி இல்லை. முன்னோர்கள் 90 ஆண்டுகளாகச் செய்துவந்ததையே அவரும் செய்தார்.

சீன வரலாற்றோடு ஓர் ஒப்பீடு

பேரரசுகளின் வீழ்ச்சியில் சில போக்குகள் நாடு கடந்தும் ஒத்திருக்கின்றன. சீனாவின் டாங் அரச மரபு எல்லைகளைக் காக்கப் படை ஆளுநர்களை நியமித்து, அவர்களிடம் படையோடு வரி தண்டும் உரிமையையும் ஒப்படைத்தது. அவர்களில் ஒருவரான ஆன் லூஷான் 755இல் கிளர்ச்சி செய்தார். கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகும் பல ஆளுநர்கள் வரியைத் தலைநகருக்கு அனுப்பவில்லை; பதவியைத் தம் பிள்ளைகளுக்கே விட்டுச்சென்றனர். 907இல் அத்தகைய படைத்தலைவர் ஒருவரே டாங் மரபுக்கு முடிவு கட்டினார். நாயக்கர்களின் பாளையப்பட்டு முறையோடு இது ஒப்பிடத்தக்கது.

மிங் மரபின் முடிவு திருமலை நாயக்கர் காலத்திலேயே நிகழ்ந்தது. பஞ்சமும் வரிச்சுமையும் தாங்காத மக்களிடையே எழுந்த கிளர்ச்சியின் தலைவர் லி சிச்செங் 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்தார். அவரை வெல்ல மிங் தளபதி வூ சான்குய் பெருஞ்சுவரின் வாயிலைத் திறந்து மஞ்சுப் படையை உள்ளே விட்டார். கிளர்ச்சியாளர் தோற்றனர், மஞ்சுக்கள் 1912 வரை சீனாவை ஆண்டனர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தெற்கே திருமலை நாயக்கர் கோல்கொண்டாவை அழைத்தார். உள்வீட்டுச் சண்டையைத் தீர்க்க வெளியாரை அழைத்தால் வந்தவரே வீட்டுக்கு உரியவராகிவிடுவார் என்பதை இரு நாடுகளும் ஒரே காலத்தில் கண்டன.

வேறுபாடும் உண்டு. சீனாவில் ஒரு மரபு விழுந்ததும் மற்றொரு மரபு அதே அதிகார அமைப்பை எடுத்து நடத்தியது. மதுரையில் அப்படி நடக்கவில்லை.

விளைவுகள்

சந்தா சாகிப்பின் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1741இல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றி அவரைச் சிறைபிடித்தனர். 1743இல் நிசாமின் படை மராட்டியரை வெளியேற்றியது. பின்னர் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நுழைந்தனர்.

நாயக்கர் அரசு அழிந்தபோதும் பாளையங்கள் அழியவில்லை. நவாபுக்குத் தாம் ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1755இல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் ஆங்கிலேயத் தளபதி ஹெரானும் படையோடு நெல்லைச் சீமைக்கு வந்தபோது, நெற்கட்டும்செவல் பூலித்தேவர் எதிர்த்து நின்றார். மேற்குப் பாளையங்கள் பலவும் அவர் பக்கம் சேர்ந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர், கொல்லங்கொண்டான், சேத்தூர் வட்டாரம் இந்தப் போர்களின் களமாயிற்று. அவர்களை ஒடுக்கிய யூசுப்கான் பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1799இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையக்காரர் போர் முடிவுக்கு வந்ததும் பாளையங்கள் கலைக்கப்பட்டு, எஞ்சியவை ஜமீன்களாக மாற்றப்பட்டன. அரியநாதர் வகுத்த அமைப்பு, அதை உருவாக்கிய அரசைவிட 65 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது.

முடிவுரை

மதுரை நாயக்கர் ஆட்சி ஒரே நாளில் விழவில்லை. ஒரே மனிதரின் தவறாலும் விழவில்லை. பாளையப்பட்டு முறை நாட்டை ஆள உதவியது. ஆனால் படையையும் வருவாயையும் அரசரின் கையிலிருந்து எடுத்தது. வெளியார் உதவி உடனடி எதிரியை வீழ்த்தியது. ஆனால் வலிமையான புதிய எதிரியைக் கொண்டுவந்தது. திறை அந்த ஆண்டின் போரைத் தவிர்த்தது. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடனாக நின்றது. ஒவ்வொரு முடிவும் எடுக்கப்பட்ட நேரத்தில் நியாயமாகவே தோன்றியது. அவற்றின் கூட்டுத்தொகையை 1736இல் ராணி மீனாட்சி செலுத்த நேர்ந்தது. செங்கல்லும் சத்தியமும் பற்றிய கதையைப் படிக்கும் மாணவர்கள், அதற்கு முந்தைய 90 ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த முடிவின் பொருள் விளங்கும்.